நிழல் விழாத பிராக்கெட்

படம் எடுக்கும் முன்பே மன்னிப்புக் கேட்கிற போட்டோக்காரர் அவர். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகுமுன், "வெளிச்சம் அடிக்கும்ங்க, கோச்சிக்காதீங்க" என்பார். மாலையும் கழுத்துமாக நிற்கும் மாப்பிள்ளையிடமும் சொல்வார், காது குத்தப்போகும் கைக்குழந்தையிடமும் சொல்வார். ஒருமுறை ஒரு சாவு வீட்டில், நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டிருந்த பெரியவரிடமும் அதையே சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. பெரியவரின் மருமகள் மட்டும், "கோச்சிக்க மாட்டாருங்க" என்று அழுதுகொண்டே பதில் சொன்னார்.

பிள்ளைகளே, உங்களில் பெரியவளுக்கு அவரை லேசாக நினைவிருக்கலாம். உன் காதுகுத்துக்கு வந்தவர் அவர்தான். சின்னவன் அப்போது பிறக்கவில்லை. ஆலங்காயத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தார். மலைமேல் விசேஷம் என்றால் பஸ் ஏறி வருவார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நம் நெல்லிவாசல்நாட்டு ஊர்களுக்கு என் ஜீப்பில் வருவார். ஜீப்பில் மூட்டை, கோழி, ஆள் எல்லாம் ஒன்றாகத்தான் ஏறும். எவ்வளவு நெரிசலானாலும் கேமராப் பையை மடியைவிட்டு இறக்க மாட்டார். பெயர் சொல்லி அவரை நான் கூப்பிட்டதில்லை, இங்கும் எழுதப்போவதில்லை. எனக்கு அவர் அண்ணா. அவருக்கு நான் தம்பி.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அவருடைய கூச்சத்தைத்தான் சொல்ல வேண்டும். அடுத்தவருக்காகக் கூசுகிற மனிதர். பந்தியில் ஒருவர் இலையில் சோறு போடாமல் தாண்டிப் போய்விட்டால், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு முகம் சிவந்துவிடும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் பெண் வீட்டாரைப் பார்த்துக் குழம்பு போதவில்லை என்று சத்தம் போட்டார். பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பி, வாழை மரத்தையும் மாவிலைத் தோரணத்தையும் படம் எடுக்க ஆரம்பித்தார். சத்தம் அடங்கும்வரை அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அந்த ஆல்பத்தில் தோரணப் படம் மட்டும் ஏகப்பட்டது இருந்ததாகச் சொல்வார்கள்.

மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகப் படம் எடுக்க வந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால், பாதிப் பேர் காலில் செருப்பு இருந்தது, பாதிப் பேர் காலில் இல்லை. "படம் எடுக்கும்போது எல்லாரும் செருப்பக் கழட்டிட்டு நிக்கணும், அதான் மொறை" என்று ஒரு போடு போட்டார். அப்படி ஒரு முறை எங்கும் கிடையாது. வாத்தியாரும் அதை நம்பித் தன் ஷூவைக் கழற்றினார். ஜீப்பில் திரும்பும்போது அண்ணன் அதைச் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அன்றைக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

ஆனால் அவருடைய கூச்சம் சில நேரம் ஆள் மாறிப் போய்விடும். நம் ஊருக்கு மேலே ஒருவர் புதிதாகச் செங்கல் வீடு கட்டியிருந்தார். பூச்சு வேலை ஆகவில்லை, கதவுக்குப் பதில் சாக்குத் தொங்கியது. அந்த வீட்டில் மஞ்சள் நீராட்டு. அண்ணன் பூசாத சுவர் தெரியாதபடி, எல்லாரையும் புளியமரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்தி அழகழகாக எடுத்தார். ஆல்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது வீட்டுக்காரர் எல்லாப் பக்கங்களையும் புரட்டிவிட்டு, "இன்னாங்க, என் வூட்டக் காணோம்?" என்றார். பாதி வாழ்நாள் உழைத்துக் கட்டிய வீடு அவருக்கு. அண்ணன் ஆல்பத்தை வாங்கித் தானும் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். அடுத்த வாரமே வந்து வீட்டை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். அதோடு விட்டது என்று நினைத்தேன்.

இப்போது அவருடைய ஃப்ளாஷைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேமராவின் தலையில் மாட்டுகிற வெளிச்சப் பெட்டிதான் ஃப்ளாஷ். கீழே மண்டபங்களில் அதை வெள்ளைக் கூரையைப் பார்த்துத் திருப்பி அடிப்பார்கள். வெளிச்சம் கூரையில் பட்டு மெத்தென்று கீழே இறங்கும். நம் மலையில் அது நடக்காது. வீட்டுக் கூரையெல்லாம் அடுப்புப் புகையில் கறுத்துக் கிடக்கும், அடிக்கிற வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெளியே பந்தல் போட்டால் மேலே பச்சைத் தார்ப்பாய். மலைக்கு வந்த புதிதில், தெரியாமல் தார்ப்பாயைப் பார்த்து அடித்துவிட்டார். படத்தில் மாப்பிள்ளை, பெண், ஊர்க் கவுண்டர் எல்லாரும் பச்சைப் பசேலென்று இருந்தார்கள். பெண்ணின் மாமன், "பொண்ணு பாக்க வந்தப்ப நல்லாத்தானேடா இருந்தான்" என்று கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதனால் நேராக முகத்திலேயே அடிக்க வேண்டும். அதில் ஒரு சங்கடம். கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் ஃப்ளாஷ் மேலே இருக்கும். ஆள் முழுசாக வர வேண்டும் என்று கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் ஃப்ளாஷ் பக்கவாட்டுக்குப் போய்விடும். அப்போது நிற்கிறவருடைய நிழல், மை பூசியது போல, பக்கத்துச் சுவரில் விழும். மூக்கு நீளமானவருக்கு மூக்கு இன்னும் நீளும்.

உன் காதுகுத்தில் அதுதான் நடந்தது. உன் தாய்மாமன் மடியில் நீ உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் உங்கள் அத்தை, என் அக்கா, நின்றிருந்தார். அத்தையின் கழுத்தில் முன்பக்கம் கழலை இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் காட்டி, பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. குழந்தைகள் கேட்டால், "உள்ள முட்டாய் வெச்சிருக்கன், அழுவாத இருந்தா எடுத்துத் தருவன்" என்பார். சாமை புடைக்கும்போதும் சந்தைக்குப் போகும்போதும் முந்தானை இடுப்பில்தான் செருகியிருக்கும். கழுத்தை அவர் மூடி நான் பார்த்ததே இல்லை.

அன்று படம் எடுத்ததும், எங்கள் பங்காளி வீட்டுப் பையன்கள் கேமராவின் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் நிழல் சுவரில் விழுந்து, கழலை பானை அளவுக்குத் தெரிந்தது. பையன்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அக்காவும் வந்து பார்த்தார். "டேய், செவுத்துல என் கழுத்துக்கு ரெட்டப் புள்ளைடா" என்று எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தது அவர்தான்.

அண்ணன் சிரிக்கவில்லை. அங்கேயே அந்தப் படத்தை அழித்துவிட்டார். ஜீப்பில் போகும்போது கேமராப் பையைத் திறந்து திறந்து மூடினார். அக்கா மனசு எவ்வளவு புண்பட்டிருக்கும் என்று கேட்டார். அக்கா அப்படிப்பட்டவர் இல்லை என்று நான் சொன்னேன். "வெளிய சிரிப்பாங்க தம்பி. உள்ள அறுக்கும்" என்றார். அவர் சொன்ன விதத்தில், எனக்கே என் அக்காவை அதுவரை சரியாகப் பார்க்கவில்லையோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

அதன்பிறகு அவர் பிராக்கெட் தேட ஆரம்பித்தார். கேமராவின் அடியில் முறுக்கி, ஃப்ளாஷைத் தனியாகத் தூக்கிப் பிடிக்கிற இரும்புச் சட்டத்துக்குப் பெயர் பிராக்கெட். வேலூர்க் கடைகளில் போய்ப் பார்ப்பார். மலைக்கு வரும்போதெல்லாம் ஜீப்பில் அதே பேச்சு. கைப்பிடி வைத்த பிராக்கெட் ஒன்று உண்டாம், பிடிக்க வாகானது, ஆனால் ஃப்ளாஷ் இடது பக்கமே நிற்கும், நிழல் போகாது. ஒன்று ரொம்ப உயரமாம், தாழ்ந்த வாசலில் நுழையும்போது இடிக்கும். இன்னொன்று கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினாலும் ஃப்ளாஷ் மட்டும் புரண்டு மறுபடி தலைக்கு மேலேயே வந்து நிற்குமாம். கனம்தான் அதிகம். கனத்தைப் பற்றிச் சொல்லும்போது மணிக்கட்டைத் தடவிக்கொள்வார். எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. வளைவுகளில் வண்டியைத் திருப்பிக்கொண்டே ம் கொட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம். அண்ணனைத்தான் படத்துக்குச் சொன்னோம். கல்யாணப்பெண் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. மேடைப் படமெல்லாம் எப்படி வந்தாலும் சரி, அம்மாவும் தானும் சேர்ந்து நிற்கிற ஒரு படம் வேண்டும், போகிற வீட்டில் மாட்டிக்கொள்ள. அதுவரை அவர்கள் இருவரும் சேர்ந்த படம் வீட்டில் கிடையாது. அக்கா படங்களில் நின்றதே குறைவு, எந்த விசேஷத்திலும் அவர் அடுப்படியில் இருப்பார். அண்ணன் அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்து, "அம்மா படம் நல்லா வரும்மா. அதுக்குன்னே ஒரு சாமான் பாத்து வெச்சிருக்கேன்" என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பகலில் வந்து இறங்கினார். பையில் இரண்டு பிராக்கெட். கடைக்காரரிடம் சொல்லி, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்புவதாகப் பேசிக் கொண்டுவந்திருந்தார். ஒன்று புரளுகிற பிராக்கெட். இன்னொன்று அதைவிட இலேசானது, ஆனால் உயரம் கம்மி. கல்யாண வீட்டுக்கு என்று ஒரு பை சாத்துக்குடியும் வாங்கி வந்திருந்தார், வெறுங்கையோடு அவர் எந்த வீட்டுக்கும் போவதில்லை.

எந்தப் பிராக்கெட் சரி என்று பார்க்க அவருக்கு ஆள் வேண்டும். நம் வீட்டில் என்னைச் சுவரோரமாக நிறுத்தினார். இரண்டிலும் எடுத்துப் பார்த்தார். சுவரில் நிழல் இரண்டிலும் இல்லை. ஆனாலும் அவர் திருப்தி அடையவில்லை.

"செவுத்து நெழல் போச்சு தம்பி. கழுத்து எப்பிடி வுழுதுன்னு தெரியணுமே" என்றார்.

பையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்தார். தன் கைக்குட்டையில் வைத்து என் தொண்டையில் கட்டினார். எனக்குச் சிரிப்பு. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை, நகை செய்கிறவர் போல முடிச்சைச் சரிபார்த்தார். ஃப்ளாஷ் நல்ல உயரத்தில் இருந்தால் தாடையின் நிழலே கழுத்தின்மேல் இறங்கிவிடும், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்றார். ஒரு படம் எடுத்தார். பின்னால் பார்த்தார். இன்னும் உயர்த்தினார். "தலைய கொஞ்சம் குனி. அக்கா அப்பிடித்தான நிப்பாங்க?" என்றார். நான் அக்கா நிற்பதுபோலவே, வயிற்றின்மேல் கையைக் கோத்துக்கொண்டு நின்று காட்டினேன். நன்றாக நடித்துக் காட்ட வேண்டும் என்றே நினைத்தேன்.

ஃப்ளாஷ் அடித்தது. கண் தெளிந்தபோது வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என் கழுத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு, "பொண்ணக் கூட்டிட்டுப் போவ ஜீப்பு காலைல எப்ப வரும்?" என்று கேட்டார்.

"வெள்ளன வந்துடும்க்கா" என்றேன். சொல்லும்போது தொண்டையில் சாத்துக்குடி ஏறி இறங்கியது.

சரி என்று தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் கேமராவோடு அப்படியே கீழே உட்கார்ந்தார். கைக்குட்டையை அவிழ்க்க எனக்கு முடிச்சு வரவில்லை. அவரும் எழுந்து வந்து அவிழ்க்கவில்லை.

நாங்கள் கிண்டல் செய்தோம் என்று அக்கா நினைத்துவிடுவாரே என்று எனக்குப் பதைபதைப்பு. கைக்குட்டையைத் தலைவழியாக உருவிப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அக்கா அவர் வீட்டு முற்றத்தில் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் இல்லையென்றும், காதுகுத்தில் எடுத்த படத்தால் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லையென்றும், அதற்காகவே மாதக்கணக்காக அலைந்து இந்தப் பிராக்கெட்டைத் தேடிப் பிடித்தாரென்றும், நாளைக்குக் கழுத்து தெரியாமல் படம் எடுக்கப்போகிறோம் என்றும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அது வாடிக்கொண்டே போனது.

"கிண்டல் பண்ணீங்கன்னுதான் நெனச்சன்" என்றார். "அதுன்னா பரவால்லடா. எத்தினி பேரு பண்ணிருக்கான்."

பிறகு ஒரு குண்டானைக் கையில் வைத்தபடி கேட்டார்.

"மறைக்கறதுக்கு இவ்ளோ பாடா? அவ்ளோ அசிங்கமாவா இருக்குது எனக்கு?"

இல்லை என்று சொன்னேன். அந்த இல்லை என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. திரும்பி வந்து அண்ணனிடம் அக்கா கேட்டதை அப்படியே சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் இரண்டு பிராக்கெட்டுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. கேமரா ஒன்றுதான், பிராக்கெட்டைக் கழற்றினால் பழைய நிழல் வந்துவிடும். வேறு வழியில்லாமல் புரளுகிற பிராக்கெட்டையே மாட்டிக்கொண்டு எடுத்தார். படங்கள் அதுவரை அவர் எடுத்ததிலேயே அருமையானவை என்று எல்லாரும் பிறகு சொன்னார்கள். யாருடைய பக்கத்திலும் நிழல் இல்லை. தாலி கட்டி முடிந்ததும் பெண், "அம்மாவக் கூப்புடுங்க" என்றாள். அடுப்படியிலிருந்து அக்கா வந்தார். சித்திரை மாதம், பந்தலுக்குள் எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தோம். அக்கா முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றாகச் சுற்றி, நுனியைத் தோளில் செருகியிருந்தார்.

பெண் முதலில் கவனிக்கவில்லை. கவனித்ததும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், ஏதோ கேட்க வாயெடுத்தாள், சுற்றிலும் சம்பந்தி வீட்டார் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அண்ணன் கேமராவை இறக்கினார். பக்கத்தில் போய், மற்றவருக்குக் கேட்காத குரலில், "அக்கா, முந்தானைய எடுத்துடுங்க. அப்பிடியே எடுக்கிறேன். எப்பவும் இருக்கற மாதிரியே எடுக்கிறேன்" என்றார். கெஞ்சுகிற குரல் அது.

"குளுருதுங்கண்ணா" என்றார் அக்கா. வியர்வை அவர் காதோரமாக வழிந்துகொண்டிருந்தது. அவர் சிரிக்கவும் செய்தார், அண்ணன் மனம் கோணக்கூடாது என்று.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தார். அந்தப் படம் இன்றும் அக்கா மகள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது, அங்கே போகும்போது நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடிவதில்லை. வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

அதற்குப் பிறகும் அண்ணன் சில விசேஷங்களுக்கு மலைக்கு வந்தார். அக்காவின் வீட்டு வழியாகப் போக நேர்ந்தால் ஜீப்பில் தலையைக் குனிந்துகொள்வார். பிறகு ஸ்டுடியோவைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டார். எப்போதாவது போன் செய்வார். மழை பெய்ததா, புளி காய்த்திருக்கிறதா என்று கேட்பார். உங்களை விசாரிப்பார். கடைசியில், வைக்கப்போகிற நேரத்தில், "அக்காவுக்கு அந்தக் குளுரு வுட்டுச்சா தம்பி?" என்பார்.

"வுட்டுச்சுண்ணா" என்பேன்.

அதோடு அவர் வைத்துவிடுவார். நம்பினாரா என்று தெரியாது. பிறகு அந்த நம்பர் போகவில்லை. இப்போது எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றும் எனக்குத் தெரியாது.

உங்களோடு இருக்கும்போது அத்தையின் முந்தானை பழையபடி இடுப்பில்தான் இருக்கிறது. கழுத்தில் முட்டாய் இருப்பதாக அவர் சொல்வதும், சின்னவன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் வெளியிலிருந்தே எனக்குக் கேட்கும். நான் வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் அக்கா முந்தானையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறார்.